பிரேக்கை மிதிக்க ஒருவர்

நாற்பது மைலில் முனகத் தொடங்கும்.
ஐம்பதில் அது ஒரு சுரம்.
அறுபதில், பியானோவின் இடது கோடியில்
யாரோ விரலை எடுக்க மறந்துபோன கட்டை.

பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது என் பிழைப்பு.
ஹான்காக் தொடங்கி ஏரிக்கரை முடிய
ஒன்பது தேவாலயம், நாலு பள்ளி, இரண்டு மதுக்கடை.
எந்தக் கம்பி இளகியதென்று
கதவைத் திறக்கும்போதே சொல்லிவிடுவேன்.
ஆகவே சந்தேகமே இல்லை:
இடது முன்சக்கரம். ஹப்பின் பேரிங் போய்விட்டது.

பட்டறையில் கேட்ட தொகைக்கு
பதினோரு பியானோ தொட வேண்டும்.
தபாலில் பெட்டி வந்தது. எண்ணெய்த் தாளுக்குள்
ஐந்து ஆணி நீட்டிய புது ஹப்,
என் பூனையைவிடக் கொஞ்சம் குறைந்த கனம்.

சக்கரம் தரையில் இருக்கும்போதே
நடு நட்டை இளக்கிவிட வேண்டும்.
அதற்கு ஒருவர் உள்ளே உட்கார்ந்து
பிரேக்கை மிதிக்க வேண்டும்.
வேறு வேலை இல்லை. ஒரு கால் போதும்.

கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரே கால்
வெண்டெல் பாஸ்கோவுடையது.

ஜனவரியிலிருந்து நாங்கள் பேசுவதில்லை.
தன் வாசல் பனியை என் பக்கம் தள்ளினார்,
என் தபால்பெட்டியையும் சேர்த்து.
நான் திருப்பிக் கொட்டினேன், இரவில், வாளி வாளியாக.
ஏப்ரல் பாதியிலும் அந்தக் குவியல்
கறுத்துப்போய் நடுவில் நிற்கிறது,
யாருடையது என்று தீராமல்.

கதவைத் தட்டி, "ஒரு கால் வேண்டும்" என்றேன்.
"எது?" என்றார்.
"வலது."
உள்ளே போய் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்தார்.

நட்டின்மேல் சாக்கெட், அதில் நீளக் கம்பி,
கம்பிக்குமேல் வேலிக் குழாய். ஏறி நின்றேன்.
"மிதியுங்கள்."
"மிதித்துக்கொண்டுதான் இருக்கிறேன்."
மூன்று மாதத்தில் இதுதான் எங்கள் பேச்சு.
வேட்டுச் சத்தத்தோடு நட்டு விட்டது.
இருவரும் தலையைக் குனிந்தோம்.

காலிப்பரைக் கழற்றும் முன்
காலை எடுக்கச் சொன்னேன். எடுத்தார். இறங்கவில்லை.
தொடையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்,
எங்கோ போய்க்கொண்டிருப்பவர்போல.

காலிப்பர் குழாயில் தொங்கக் கூடாது,
பியானோக் கம்பியால் கட்டித் தூக்கினேன்.
பின்னால் மூன்று போல்ட்.
மூன்றாவதில் தோல் உரிந்தது, என்னுடையது.
ஹப் மட்டும் அசையவில்லை.
பதினான்கு குளிர்காலத்து உப்பு
இரும்போடு இரும்பை ஒட்டவைத்திருந்தது.
அன்றாடம் என்னிடம் பேசுவது கம்பளி போர்த்திய சுத்தியல்கள்.
இது எட்டுப் பவுண்டு.
எண்ணெய் பீய்ச்சினேன். அடித்தேன். வைதேன்.
பிறகு என் தாத்தாவழி ஃபின்னிஷில் வைதேன்.

கண்ணாடியை இறக்கி பாஸ்கோ சொன்னார்:
"இப்போது அடி வேறு மாதிரிக் கேட்கிறது."
எனக்குக் கேட்கவில்லை.
அடுத்த அடியில் கையோடு வந்துவிட்டது.

துரு சுரண்டி, பசை தடவி, புதியதைப் பொருத்தி,
நட்டை இறுக்க மறுபடியும் அவர் கால்.
இருட்டும் முன் ஓட்டிப் பார்க்கலாம், வாருங்கள் என்றேன்.

நாற்பது. ஒன்றுமில்லை.
என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.
ஐம்பது.
அதே சுரம். அதே கட்டை. அதே விரல்.

பாஸ்கோ குனிந்து
தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"என் காலுக்கு அடியில்தான்" என்றார்.
வலது சக்கரம்.

வீட்டுக்கு வந்து, கழற்றிப்போட்ட பழைய ஹப்பைச்
சுழற்றிப் பார்த்தேன்.
நெடுநேரம் சுற்றியது, ஒரு வார்த்தை பேசாமல்.

இதை எந்தத் தேவாலயத்திலும் நான் சொல்லவில்லை.

இரண்டாவது பெட்டி வியாழனன்று வந்தது.
சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு
வாசலில் மண்வாரி உரசும் ஓசை.
குவியலை நடுவில் பிளந்து
பாஸ்கோ இடம் செய்துகொண்டிருந்தார்,
வலப்பக்கம் ஜாக் வைக்க வேண்டுமே என்று.

பனியை எங்கே கொட்டுகிறார் என்று பார்த்தேன்.
என் பக்கம்தான்.